மஜ்ஜை மாற்று சிகிச்சைக்குப் பிறகு வரும் சிக்கல்... அரிய ரத்த நோய்க்கான மாத்திரை கைகொடுப்பது எப்படி?

எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவருக்கு உள்ளங்கை, உள்ளங்காலில் சிவப்பாகத் தடிப்பு வருகிறதா? வயிற்றுப்போக்கு நிற்கவே இல்லையா? கண் மஞ்சளாகிறதா? 'உடம்பு சூடு, இளநீர் குடிச்சா சரியாயிடும்'னு விட்டுடாதீங்க. அது ஜிவிஹெச்டி என்ற ஆபத்தான சிக்கலாக இருக்கலாம்.

ஜிவிஹெச்டி என்றால் என்ன?

சிறுநீரகம் மாற்றினால், நம்ம உடம்பு புது உறுப்பை எதிர்க்கும். இங்கே கதை தலைகீழ். தானமாக வந்த மஜ்ஜையில் கொடுத்தவரின் நோய் எதிர்ப்பு செல்களும் இருக்கும். அவை நோயாளியின் உடம்பையே எதிரியாக நினைத்து தோல், குடல், கல்லீரலைத் தாக்கும். பெரும்பாலும் முதல் 100 நாட்களுக்குள் இது தொடங்கும். அதற்குப் பிறகும் வரலாம்.

என்ன மருந்து?

முதலில் கொடுப்பது ஸ்டீராய்டு. ஆனால் எல்லாருக்கும் அது கேட்காது. அப்போதுதான் ருக்ஸோலிடினிப் மாத்திரை கைகொடுக்கிறது.

மஜ்ஜை நார்போல இறுகி, மண்ணீரல் வீங்கும் மைலோஃபைப்ரோசிஸ் என்ற அரிய ரத்த நோய்க்காக 2011-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து இது. ஜேக்1, ஜேக்2 என்ற புரதங்கள்தான் செல்லுக்குள் 'வளரு', 'தாக்கு' என்ற கட்டளையைக் கடத்துகின்றன. மைலோஃபைப்ரோசிஸில் தாறுமாறாவதும், ஜிவிஹெச்டி தாக்குதலைத் தூண்டுவதும் இதே பாதைதான். அதை மாத்திரை அடக்கி வைக்கிறது. அதனால் 2019-ல், ஸ்டீராய்டு கேட்காத தீவிர ஜிவிஹெச்டிக்கும் அங்கே அனுமதி கிடைத்தது.

பலன் எவ்வளவு?

ஸ்டீராய்டு பலன் தராத 309 பேரிடம் நடந்த ஆய்வு முடிவு 2020-ல் வெளியானது. 28-வது நாளில் இந்த மருந்து எடுத்தவர்களில் 62 சதவீதம் பேருக்கும், மற்ற சிகிச்சை பெற்றவர்களில் 39 சதவீதம் பேருக்கும் பலன் தெரிந்தது.

என்ன கவனிக்கணும்?

* தட்டணுக்களும் ஹீமோகுளோபினும் குறையலாம். ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீங்க.
* எதிர்ப்பு சக்தி குறைவதால் அக்கி, காசநோய் போன்ற தொற்று தலைதூக்கலாம். காய்ச்சல் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்க.
* பூஞ்சைத் தொற்றுக்கான ஃப்ளுகோனசோல் போன்ற மருந்துகள் ரத்தத்தில் இதன் அளவை ஏற்றிவிடும். வேறு என்ன மாத்திரை எடுக்கிறீங்கன்னு டாக்டரிடம் சொல்லிடுங்க.
* 'இப்ப நல்லாத்தானே இருக்கு'ன்னு நீங்களாக நிறுத்தாதீங்க. அடங்கிய நோய் திரும்ப எகிறலாம். அளவைக் குறைப்பதும் நிறுத்துவதும் டாக்டர் சொன்னபடிதான்.