விமானத்துக்கு வரும் கடிதங்களில் எது 'அட்வைஸ்'? எது 'ஆர்டர்'? - பயணிகள் தெரிஞ்சுக்க வேண்டிய விவரம்

புதுச்சேரி,

"இந்த பாகத்தை சோதித்து பாருங்கள்" என்று விமானத்தை தயாரித்த கம்பெனி கடிதம் அனுப்புகிறது. விமானத்தின் சொந்தக்காரர் அதை செய்தே ஆக வேண்டுமா?

260 பேரை பலி வாங்கிய ஆமதாபாத் விபத்துக்கு பிறகு இந்த கேள்வி பெரிதாக எழுந்தது. பதில் பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். எல்லா கடிதத்துக்கும் கட்டுப்பட வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை!

புதுவை லாஸ்பேட்டை விமான நிலையத்தில் இருந்து 2024 டிசம்பர் 20-ந்தேதி பெங்களூரு, ஐதராபாத்துக்கு இண்டிகோ விமான சேவை தொடங்கியது. வெளிநாட்டு வேலைக்கும், பிரான்சில் உள்ள சொந்தக்காரங்களை பார்க்கவும் சென்னை போய் விமானம் ஏறுபவர்களும் நம்ம ஊரில் நிறைய பேர். எனவே இந்த விஷயம் நமக்கும் சம்பந்தப்பட்டதுதான்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

3 வகை காகிதம்

பைக் வாங்கினால் கூடவே ஒரு சர்வீஸ் புக் தருவார்கள். விமானத்துக்கும் அதுபோல உண்டு. அதன் பெயர் மெயின்டனன்ஸ் மேனுவல். பல ஆயிரம் பக்கம் இருக்கும். அவ்வப்போது திருத்தமும் வரும். விமானத்தில் கைவைக்கும் மெக்கானிக், லேட்டஸ்ட் திருத்தம் சேர்த்த மேனுவலை பார்த்துத்தான் வேலை செய்ய வேண்டும். பழைய மேனுவலை வைத்துக்கொண்டு ஸ்பேனரை எடுக்க கூடாது.

அந்த மேனுவலில் ஒரு பகுதி ரொம்ப முக்கியம். இந்த பாகத்துக்கு இத்தனை முறை ஏறி இறங்கும் வரைதான் ஆயுள், அதற்கு மேல் ஓட்டக்கூடாது என்று அதில் போட்டிருக்கும். பாகம் பார்க்க புதுசு மாதிரி இருந்தாலும் கழற்றி மாற்றியே ஆக வேண்டும். இதில் சலுகை கிடையாது.

2-வது, சர்வீஸ் புல்லட்டின். இது தயாரிப்பு கம்பெனி அனுப்புவது. "இதை மாற்றினால் நல்லது, இதை சோதிக்கவும்" என்று இருக்கும். கம்பெனி இதில் 'கட்டாயம்' என்றே எழுதினாலும், சட்டப்படி அது யோசனைதான். பெரிய விமானங்களை இயக்கும் கம்பெனிகள் இவற்றை எப்படி பரிசீலிப்பது என்று ஒரு கொள்கை வைத்திருக்க வேண்டும். படித்து பார்க்காமல் குப்பையில் போட முடியாது. ஆனால் செய்யாமல் விட்டால் குற்றம் ஆகாது.

3-வது, ஏர்வொர்த்தினெஸ் டைரக்டிவ். இது அரசு அமைப்பு போடும் உத்தரவு. எந்த விமானம், என்ன வேலை, எத்தனை நாளுக்குள் அல்லது எத்தனை மணி நேரம் பறப்பதற்குள் என்று தெளிவாக இருக்கும். செய்யாவிட்டால் அந்த விமானம் பறக்க தகுதி இல்லாதது ஆகிவிடும். எப்.சி. இல்லாத பஸ்சை ரோட்டில் ஓட்டுவது மாதிரிதான்.

யார் உத்தரவு போடுவது?

எந்த நாட்டில் விமானம் வடிவமைக்கப்பட்டதோ, அந்த நாட்டு அமைப்புதான் முதலில் உத்தரவு போடும். அமெரிக்காவின் போயிங் விமானத்துக்கு அந்நாட்டின் எப்.ஏ.ஏ. அமைப்பு. லாஸ்பேட்டைக்கு வந்த ஏ.டி.ஆர். விமானம் பிரான்சின் துலூஸ் நகரில் தயாராவது. அதற்கு ஐரோப்பிய அமைப்பான ஈ.ஏ.எஸ்.ஏ. உத்தரவு போடும்.

அதை இந்தியாவில் கட்டாயம் ஆக்குவது டி.ஜி.சி.ஏ. எனப்படும் சிவில் விமான போக்குவரத்து இயக்குனரகம். வாடகைக்கு எடுத்த விமானம் என்றாலும், அதை இயக்கும் ஏர்லைன்ஸ் கம்பெனிதான் பொறுப்பு. ஒருவர் சொந்தமாக வைத்திருக்கும் 2 சீட் விமானத்துக்கும் இதே சட்டம்தான்.

7 ஆண்டு கிடந்த கடிதம்

2025 ஜூன் 12-ந்தேதி ஆமதாபாத்தில் இருந்து லண்டன் கிளம்பிய ஏர் இந்தியா போயிங் 787 விமானம் விழுந்து நொறுங்கியது. விமானத்தில் இருந்த 242 பேரில் ஒருவர் மட்டுமே தப்பினார். தரையில் இருந்த 19 பேரும் உயிரிழந்தனர்.

ஒரு மாதம் கழித்து விபத்து விசாரணை பிரிவின் முதல்கட்ட அறிக்கை வந்தது. விமானம் மேலே எழும்பிய சில வினாடிகளில் 2 என்ஜின்களுக்கும் எரிபொருள் தரும் சுவிட்சுகள் அடுத்தடுத்து 'ஆப்' நிலைக்கு போனதாக அதில் கூறப்பட்டு இருந்தது. எப்படி போனது என்பதற்கு அந்த அறிக்கை காரணம் சொல்லவில்லை.

ஆனால் இன்னொரு தகவல் இருந்தது. அந்த சுவிட்சு கைபட்டு நகராமல் இருக்க ஒரு லாக் உண்டு. சில போயிங் 737 விமானங்களில் அந்த லாக் வேலை செய்யாமலே சுவிட்சு பொருத்தப்பட்டு இருந்ததாக புகார் வந்ததால், சோதித்து பார்க்கும்படி 2018 டிசம்பர் 17-ந்தேதி எப்.ஏ.ஏ. ஒரு தகவல் அறிக்கை வெளியிட்டது. 787 விமானமும் அந்த பட்டியலில் இருந்தது.

அரசு அமைப்பு அனுப்பினாலும் அது டைரக்டிவ் அல்ல, வெறும் யோசனை. உத்தரவு போடும் அளவுக்கு ஆபத்து இல்லை என்று எப்.ஏ.ஏ. அப்போது கருதியது. கட்டாயம் இல்லை என்பதால் ஏர் இந்தியா அந்த சோதனையை செய்யவில்லை என்று அறிக்கை கூறியது. சட்டப்படி அதில் தப்பு கிடையாது.

அறிக்கை வெளியான 2 நாளில், அதாவது ஜூலை 14-ந்தேதி, 21-ந்தேதிக்குள் சோதனையை முடிக்கும்படி எல்லா கம்பெனிகளுக்கும் டி.ஜி.சி.ஏ. அறிவித்தது. தன் விமானங்களை சோதித்ததில் லாக்கில் கோளாறு எதுவும் இல்லை என்று ஏர் இந்தியா தெரிவித்தது. 7 ஆண்டாக 'செய்தால் செய்யலாம்' என்று கிடந்த வேலை, அரசு சொன்னதும் சில நாளில் முடிந்துவிட்டது!

உத்தரவு வந்தால் என்ன நடக்கும்?

அதே ஆண்டு நவம்பர் மாதம் இது இன்னும் தெளிவானது. சூரிய கதிர்வீச்சால் ஏர்பஸ் ஏ320 வகை விமானங்களின் கம்ப்யூட்டர் தகவல் கெடலாம் என்று தெரியவந்தது. நவம்பர் 28-ந்தேதி ஈ.ஏ.எஸ்.ஏ. அவசர டைரக்டிவ் போட்டது. இந்தியாவில் மட்டும் 338 விமானங்கள் இதில் சிக்கின. விடிய விடிய சாப்ட்வேர் மாற்றினார்கள். ஓரிரு நாளில் வேலை முடிந்தது.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? ஒன்று அட்வைஸ், மற்றது ஆர்டர். அவ்வளவுதான்.

வருகிற எல்லா யோசனையையும் கட்டாயம் ஆக்கினால் விமானங்கள் பறப்பதை விட ஷெட்டில் நிற்பதுதான் அதிகம் ஆகும் என்பதும் உண்மை. அதனால்தான் எது கட்டாயம் என்று பிரிக்கும் அதிகாரம் அரசிடம் இருக்கிறது.

ஆனால் டிக்கெட் எடுத்து சீட்டில் உட்காரும் பயணிக்கு, தன் விமானத்தில் எந்த யோசனை செய்யப்பட்டது, எது விடப்பட்டது என்று தெரிய வழியில்லை. அவருக்காக பார்க்க வேண்டியது டி.ஜி.சி.ஏ.தான். யோசனையை உத்தரவாக மாற்றுவதில் அது காட்டும் வேகத்தில்தான் பயணிகளின் உயிர் இருக்கிறது.