கடற்கழுகின் முதுகில் ஒரு கருவி

காற்றிலிருந்து மின்சாரம் பெறுவதிற் புகையில்லை, சாம்பரில்லை, எண்ணெய்க் கப்பலை எதிர்பார்த்திருக்கும் கவலையுமில்லை. ஆயினும், அக்காற்றையே நம்பி வாழும் உயிர்கள் நமக்கு முன்னரே வானத்திற் குடியிருக்கின்றன. நோர்வே நாட்டின் ஸ்மோலா என்னுந் தீவில் நிகழ்ந்தது இதனை நன்கு விளக்கும்.

நோர்வேயின் மேற்குக் கரைக்கு அப்பால், தட்டையாகக் கிடப்பது இத்தீவு. மரங்கள் குறைவு; சதுப்பும் பாறையுமே மிகுதி. மீனும் கடற்பறவையும் மலிந்த அவ்விடம் வெண்வாற் கடற்கழுகுக்கு வாய்த்த தாயகமாகும். இப்பறவை இத்துணை நெருக்கமாகக் கூடுகட்டி வாழும் இடங்கள் உலகில் மிகச் சில. சிறகை விரித்தால் 2.4 மீற்றர் வரை அகலும் இக்கழுகைக் கொன்றோருக்கு ஒரு காலத்தில் நோர்வேயிற் பணப்பரிசு வழங்கினர். 1968ஆம் ஆண்டிலேதான் சட்டம் அதற்குக் காவலாயிற்று. அவ்வாறு தப்பிப் பெருகிய கழுகுகளின் நடுவிலேதான், 2002இலும் 2005இலும் இரு கட்டங்களாக 68 காற்றாலைகள் எழுந்தன. அவற்றின் மொத்த வலு 150 மெகாவாற்று.

சின்னாட்களிற் காற்றாலைகளின் அடியிற் கழுகுகளின் உடல்கள் கிடைக்கலாயின. மோப்ப நாய்களைக் கொண்டு தேடியதில், 2005க்கும் 2010க்கும் இடையில் ஏறக்குறைய 40 கழுகுகள் மடிந்தமை தெரியவந்தது. இது சிறு தொகையென்று சிலர் எண்ணலாம். ஆனால், கடற்கழுகு ஐந்து வயதளவிலேதான் இனம்பெருக்கத் தொடங்கும். ஓராண்டில் ஒன்றிரண்டு குஞ்சுகளையே வளர்த்தெடுக்கும். முதிர்ந்த கழுகொன்று வீழ்ந்தால் அதன் இடத்தை நிரப்பப் பல ஆண்டுகள் செல்லும்.

இவ்வளவு கூரிய கண்ணுடைய பறவைக்கு அத்துணைப் பெரிய யந்திரம் தெரியாதா என மாணவர் வினவுதல் இயல்பே. இரைதேடும் கழுகு கீழ்நோக்கியே பறக்கின்றது; முன்னே நிற்பது அதன் பார்வைக்குத் தப்பிவிடுகின்றது. மேலும், சுழலும் தகட்டின் நுனி மணிக்கு 200 கிலோமீற்றரையும் விஞ்சி ஓடுவதால், அண்மையிற் பார்க்கும்போது தகடு மங்கலான ஒரு படலமாகவே தோன்றும். ஸ்மோலாவில் உள்ள கழுகுகள் ஆலைகளைக் கண்டு தம் பறப்பை மாற்றிக்கொள்ளவில்லை என்பதையும் ஆராய்ச்சியாளர் அவதானித்தனர்.

நிற்க. தொலைநோக்கியுடன் காத்திருப்பவர், பகலில், தம் கண்ணுக்கெட்டிய எல்லைக்குள் வரும் பறவையை மட்டுமே அறிவார். அது எந்தக் கூட்டிற் பிறந்தது, எங்குச் சென்றது, எப்போது மீண்டது என்பவற்றை அவர் எவ்வாறு அறிவது? இதற்காகவே நோர்வே இயற்கை ஆராய்ச்சி நிறுவனத்தார் 2003ஆம் ஆண்டு முதல் ஸ்மோலாவின் கழுகுக் குஞ்சுகளுக்குச் செய்மதிக் கருவிகளைப் பொருத்தினர். குஞ்சு பறக்குமுன், கூட்டிலிருக்கும்போதே, பாடசாலைப் பிள்ளை முதுகிற் பையை மாட்டுவதுபோல் மெல்லிய பட்டியினால் இதனை மாட்டிவிடுவர். பறவையின் நிறையில் நூற்றுக்கு மூன்று வீதத்துக்கு மேற் சுமை ஏற்றலாகாது என்பது இத்துறையில் வழங்கும் பொது விதி. கருவியின் மேலுள்ள சிறு தகடு சூரிய ஒளியிலிருந்து மின்னூட்டம் பெறும். கருவி செய்மதிகளின் சமிக்ஞைகளைக் கொண்டு தானிருக்கும் இடத்தைக் கணித்து, அதனை மற்றொரு செய்மதி வழியாக ஆராய்ச்சிசாலைக்கு அறிவிக்கும்.

இளங்கழுகு முதற் குளிர்காலத்தைப் பெரும்பாலும் பிறந்த இடத்தின் அயலிலே கழித்து, வசந்தத்திற் கரையோரமாக நெடுந்தூரம் அலையச் செல்கின்றது. பின்னர் பிறந்த தீவை நாடி மீள்கின்றது. ஆகவே ஆபத்து ஒரு நாளோடு முடிவதன்று. திரும்பி வருந்தோறும் அதே தூண்களினூடாகவே அது பறக்கவேண்டும். இவ்வாறு சேர்ந்த இடக்குறிப்புக்களை வரைபடத்திற் புள்ளிகளாக இட்டால், கழுகுகள் விரும்பும் வழிகளும் தங்குமிடங்களும் தெளிவாகும். திட்டமிடுவோர் முழுத் திட்டத்தையும் கைவிடாது, ஆபத்தான சில தூண்களை மட்டும் இடம் மாற்றலாம். ஸ்மோலாவிலோ, முதலாம் கட்டத் தூண்கள் எழுந்த பின்னரே கருவிகள் வந்தன. முறை தலைகீழாயிற்று என்பதே எம் கருத்து.

கருவி அனைத்தையும் சொல்லிவிடும் என்று கொள்வதும் தவறு. அது இளங்கழுகின் அலைச்சலைச் சொல்லும். கூடு காக்கும் முதிர்ந்த இணையின் நாளாந்த வாழ்வைச் சொல்லாது. மடிந்தவற்றுள் முதிர்ந்தவையும் பல. எனவே கூடுகளைக் கண்ணாற் கணக்கிடும் பழைய வேலையும் வேண்டியதே.

நின்றுவிட்ட ஆலைகளுக்கும் ஒரு பரிகாரம் தேடினர். 2013இல் நான்கு ஆலைகளில் மூன்று தகடுகளுள் ஒன்றுக்குக் கறுப்பு வர்ணம் பூசினர். அவற்றிற் பறவை இறப்பு 70 வீதத்துக்கு மேற் குறைந்ததென 2020இல் அறிவித்தனர். நான்கே ஆலைகளிற் பெற்ற முடிபு ஆதலின், வேறிடங்களிலும் சோதித்தல் அவசியம்.

நம் நாட்டிலும் மன்னார்த் தீவில் 30 காற்றாலைகளைக் கொண்ட 'தம்பபவனி' மின்நிலையம் 2020 டிசம்பரிற் திறக்கப்பட்டது. தொலைவட நாடுகளிலிருந்து வலசை வரும் பறவைகள் வந்திறங்கும் கரை அது. அங்குக் கொழும்புப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் கடற்காகங்களுக்கு இத்தகைய கருவிகளை மாட்டி அனுப்பினர். அவை ருசியாவின் வடதுருவக் கரைவரை பறந்து சென்ற வழி இப்போது வரைபடத்தில் உண்டு.