கல் போன பிறகு குழி யாருக்கு?

எங்கள் வீட்டு அலுமாரியில் ஒரு சின்ன நீலக்கல் இருக்கிறது. எண்பதுகளில் எலஹெரவுக்குக் கல் வாங்கப் போன வாப்பா கொண்டுவந்தது. கூடவே மலேரியாவும் வந்தது. மூன்று போர்வை போர்த்தியும் அவர் நடுங்கிய கதையை உம்மா இன்றும் சொல்வார். கல்லுக்குப் பெரிய விலை இல்லை என்று தெரிந்த பிறகு அது அலுமாரியிலேயே தங்கிவிட்டது.

அண்மையில் என் மச்சான் ஒருவர் கல் வாங்க மடகஸ்காருக்குப் புறப்பட்டார். பயணம் சொல்ல கல்முனைக்குடி வீட்டுக்கு வந்தவரிடம் வாப்பா விலை எதுவும் கேட்கவில்லை. "மருந்து எடுத்தியா மகன்?" என்றுதான் கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் கைவிடப்பட்ட குழிகளின் கதை ஒன்று இருக்கிறது.

இலங்கையின் மாணிக்கக்கற்கள் பெரும்பாலும் பாறையைக் குடைந்து எடுக்கப்படுபவை அல்ல. மலைப்பாறைகள் சிதைந்து, ஆறுகள் அடித்துவந்து படியவைத்த பருக்கைக்கல் படையில் அவை கிடக்கின்றன. அந்தப் படையை 'இல்லம்' என்பார்கள். அதை அடைய, பக்கங்கள் சரியாதபடி மரச்சட்டமும் இலைதழையும் வைத்து அடைத்து, ஊறும் நீரைப் பம்பால் இறைத்துக்கொண்டே குழி தோண்டுவார்கள். கல் தீர்ந்ததும் பம்பு நிற்கும். குழியில் நீர் நிறையும். மழை பெய்தால் இன்னும் நிறையும்.

இங்கே மலேரியாவைப் பரப்பிய முதன்மை நுளம்பு அனோபிலிஸ் குலிசிஃபேசிஸ். ஆறு வற்றும்போது மணலில் தேங்கும், வெயில் படும் தெளிந்த குட்டைகளில் அது முட்டையிடும். கைவிடப்பட்ட மாணிக்கக் குழியும் அதற்கு அப்படியொரு குட்டைதான். குழியருகே வாடிகளில் படுத்துறங்கிய தொழிலாளர் பலர் மலேரியா குறைந்த ஊர்களில் இருந்து வந்தவர்கள். உடலில் எதிர்ப்புச் சக்தி இல்லை. நோயுற்று ஊர் திரும்பும்போது கிருமியும் அவர்களோடு போனது.

1963இல் நாடு முழுவதும் 17 மலேரியா நோயாளிகளே பதிவாகினர். 1969இல் அந்த எண்ணிக்கை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. மருந்து தெளிப்பதை நிறுத்தியதும் வறட்சியும் முக்கிய காரணங்கள். மாணிக்கக் குழிகளும் அவற்றைத் தேடி அலைந்த மக்களும் அதில் பங்கு வகித்தனர். பல பத்தாண்டு உழைப்புக்குப் பிறகு, 2012 ஒக்டோபரில் கடைசி உள்நாட்டு மலேரியா நோயாளி பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

நோய் போனது. நுளம்பு போகவில்லை. குழிகளும் போகவில்லை.

மாணிக்கக்கல் அகழ்வுக்கு, 1993ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான அதிகார சபையிடம் அனுமதிப்பத்திரம் பெற வேண்டும். குழியை மூடுவதற்குப் பிணையாகப் பணமும் வைப்பிலிட வேண்டும்; மூடினால் அது திரும்பக் கிடைக்கும். ஏற்பாடு நல்லதுதான். ஆனால் மூடும் செலவு வைப்புப் பணத்தை விஞ்சினால், விட்டுவிட்டுப் போவதே இலாபம். அனுமதியே இல்லாமல் இரவில் தோண்டிய குழிக்கு வைப்புப் பணமும் இல்லை, பொறுப்பாளியும் இல்லை. கல்லின் விலை வியாபாரியோடு போகிறது. குழியின் விலையைப் பக்கத்து ஊர் கட்டுகிறது. அந்தக் கணக்கில் கால் தவறி விழும் மாடும், விளையாடப் போகும் பிள்ளையும் உண்டு.

1998இல் மடகஸ்காரின் இலகாகாவில் நீலக்கல் கண்டுபிடிக்கப்பட்டபோது நம் வியாபாரிகள் பலர் அங்கே போனார்கள். அங்கும் பருக்கைக்கல் படைதான், குழிதான். மலேரியா மட்டும் அங்கே இன்னும் இருக்கிறது. இன்று இலங்கையில் பதிவாகும் மலேரியா நோயாளிகள் வெளிநாட்டில் தொற்றுப் பெற்று வருபவர்கள். மாணிக்க வியாபாரிகளும் அவர்களில் அடங்குவர்.

கிருமியோடு திரும்பும் ஒருவரும், நீர் நிறைந்த ஒரு குழியும், அதில் பிறந்த ஒரு நுளம்பும் சந்தித்தால் போதும். பழைய கதை மறுபடி தொடங்கும்.

அதனால்தான் பயணத்துக்கு முன் மலேரியா தடுப்பு இயக்கத்திடம் இலவசமாகக் கிடைக்கும் தடுப்பு மாத்திரையை எடுக்க வேண்டும். திரும்பிய பின் காய்ச்சல் வந்தால், எந்த நாட்டுக்குப் போனீர்கள் என்பதை வைத்தியரிடம் முதலில் சொல்ல வேண்டும். சில மாதங்கள் கடந்திருந்தாலும் சொல்ல வேண்டும். ஒரு வகைக் கிருமி ஈரலில் அவ்வளவு காலம் ஒளிந்திருக்கும்.

மச்சான் பையைத் திறந்து மாத்திரை அட்டையைக் காட்டினார். வாப்பா அதை வாங்கி, கண்ணாடியைப் போட்டு, திகதியைப் பார்த்த பிறகுதான் திருப்பிக் கொடுத்தார்.