நாற்காலியின் இடது பக்கம்

பல் டாக்டருக்கு உதவியாக நிற்கும் பெண்ணுக்கு இந்தியச் சட்டத்தில் நெடுங்காலம் பெயரே இல்லை. பினாங்கிலும் லண்டனிலும் அதே வேலைக்குப் படிப்பு உண்டு, பதிவு உண்டு. ஏலூரிலிருந்து இந்த வேலைக்குக் கிளம்பும் பெண் எந்தக் கதவைத் தட்ட வேண்டும்?

“நாலு... ஆறு” என்கிறார் டாக்டர், நோயாளியின் வாயிலிருந்து கண்ணை எடுக்காமல். நாற்காலியின் இடது பக்கம் நிற்கும் பெண் அட்டையில் 46 என்று குறித்துக்கொள்கிறார். வாய் திறந்து படுத்திருப்பவருக்கு அது ஏதோ சங்கேத மொழி. முதல் எண் வாயின் கால் பகுதியைச் சொல்கிறது, இரண்டாவது எண் நடுப்பல்லிலிருந்து எத்தனையாவது பல் என்பதை. 46 என்றால் கீழ்த்தாடை, வலப்புறம், முதல் கடைவாய்ப்பல். கை தவறி 36 என்று எழுதிவிட்டால் அது இடப்புறத்துப் பல். நல்ல பல்லைத் துளைப்பதற்கும் சொத்தைப் பல்லைத் துளைப்பதற்கும் நடுவே இருப்பது அந்தப் பெண்ணின் பேனா.

அவருடைய வேலை அதோடு முடிவதில்லை. டாக்டர் துளைக்கும்போது பல் சூடாகாமலிருக்கப் பீய்ச்சும் நீரையும் ஊறும் எச்சிலையும் குழாயால் உறிஞ்சி எடுப்பவர் அவர்தான். நாக்கும் கன்னமும் கருவியில் படாமல் விலக்கிப் பிடிப்பவரும் அவரே. பல்லின் அச்செடுக்கும் அல்ஜினேட் பொடியைக் கட்டி தட்டாமல் தண்ணீரில் குழைக்க அவருக்குக் கிடைப்பது ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம். தாமதித்தால் கிண்ணத்திலேயே இறுகிப்போகும். ஒரு நோயாளி எழுந்து போனதும் கருவிகளைக் கழுவி, உறையிட்டு, ஆட்டோகிளேவில் வைக்க வேண்டும். பிரஷர் குக்கரின் பெரியண்ணன் போன்ற அந்தப் பெட்டியில் 121 டிகிரி நீராவியில் குறைந்தது 15 நிமிடம். அந்த 15 நிமிடம் பத்தாகக் குறைந்தால் அடுத்த நோயாளிக்குப் போகக்கூடியது மஞ்சள் காமாலைக் கிருமி.

கேரள கிளினிக்குகளில் இவரை ‘சிஸ்டர்’ என்று கூப்பிடுகிறார்கள், தமிழ்நாட்டில் ‘நர்ஸம்மா’ என்று. ஆனால் இவர்களில் பெரும்பாலோர் நர்சிங் படித்தவர்கள் அல்ல. பிளஸ் டூ முடித்து, தெரிந்தவர் மூலம் கிளினிக்கில் சேர்ந்து, பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவர்கள்.

கொச்சிக்கு வடக்கே, பெரியாற்றின் கிளைகளுக்கு நடுவே தீவாகக் கிடக்கும் ஏலூர் ஒரு தொழில் நகரம். திருச்சியைச் சேர்ந்த சேஷசாயி சகோதரர்கள் 1943-ல் தொடங்கி, 1947-ல் உற்பத்தியை ஆரம்பித்த ஃபாக்ட் உரத் தொழிற்சாலைதான் இந்த ஊரின் முகவரி. ஊரின் ஒரு பகுதிக்கு உத்யோகமண்டல் என்றே பெயர். ஆனால் கேரளத்தின் மற்ற ஊர்களைப் போலவே இங்கும் பிளஸ் டூ முடித்த பெண்ணின் வீட்டில் முதலில் எழும் பேச்சு நர்சிங்தான். பி.எஸ்ஸி. நர்சிங் என்றால் நான்கு ஆண்டுகள். சீட்டுக்குப் போட்டி, தனியார் கல்லூரி என்றால் செலவு. கிடைக்காதவர்களின் கண்ணில் அடுத்துப் படுவது பல் கிளினிக். ராத்திரி டியூட்டி கிடையாது, பஸ் பிடித்து வீட்டுக்குத் திரும்பிவிடலாம். நகரத்தில் பல் கிளினிக்குகளுக்கும் பஞ்சமில்லை.

சிக்கல் ஐந்தாறு ஆண்டுகள் கழித்து வருகிறது. வேலை கையில் படிந்துவிட்டது. ஆனால் வேறு ஊருக்கோ, பெரிய மருத்துவமனைக்கோ, வளைகுடாவுக்கோ விண்ணப்பம் போட்டால் கேட்கப்படும் முதல் கேள்வி: என்ன படித்தீர்கள், எங்கே பதிவு செய்திருக்கிறீர்கள்? அப்போதுதான் தெரிகிறது, கற்ற வித்தைக்குக் காகிதம் இல்லை என்று.

சட்டம் சொன்ன மூன்று பேர்

இதன் வேர் 1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர்கள் சட்டத்தில் இருக்கிறது. அந்தச் சட்டம் மூன்று பேரை அடையாளம் கண்டது. ஒருவர் பல் மருத்துவர். இன்னொருவர் பல் படிவை அகற்றிச் சுத்தம் செய்து, பல் பராமரிப்பு பற்றி எடுத்துச் சொல்லும் டென்டல் ஹைஜீனிஸ்ட். மூன்றாமவர் பல் செட்டும் பிற சாதனங்களும் செய்து தரும் டென்டல் மெக்கானிக். மாநில கவுன்சில்களின் பதிவேடுகளும் இவர்களுக்குத்தான். நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று டாக்டருக்குக் கை கொடுப்பவருக்கு அதில் இடமில்லை. ‘டென்டல் ஆபரேட்டிங் ரூம் அசிஸ்டென்ட்’ என்ற பெயரில் அவருக்கென ஒரு படிப்பு வந்தது வெகு காலம் கழித்துத்தான்.

கேரளத்தில் இந்தப் படிப்போடு ஹைஜீனிஸ்ட், மெக்கானிக் டிப்ளமோக்களும் பாராமெடிக்கல் படிப்புகளின் பட்டியலில் இருக்கின்றன. அரசு ஒதுக்கீட்டு இடங்களை நிரப்புவது திருவனந்தபுரத்தின் எல்.பி.எஸ். மையம். ஹைஜீனிஸ்ட் படிப்பு இரண்டு ஆண்டுகள். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். உடற்கூறு, மருந்தியல், எக்ஸ்ரே, ஊட்டச்சத்து என்று பாடங்கள் ஒருபுறம், நோயாளிகளிடம் நேரடிப் பயிற்சி மறுபுறம். கேரள அரசின் சுகாதாரத் துறை ஹைஜீனிஸ்ட் பணியிடங்களுக்கு பப்ளிக் சர்வீஸ் கமிஷன் மூலம் ஆள் எடுப்பதால், முடித்தவருக்கு அரசு வேலையின் கதவும் திறக்கிறது. ஏலூருக்குக் கூப்பிடு தூரத்தில் களமசேரியில் அரசு மருத்துவக் கல்லூரி உண்டு. அரசு பல் மருத்துவக் கல்லூரி வேண்டுமென்றால் கோட்டயம் போன்ற வேறு மாவட்டத்துக்குப் போக வேண்டும். வீட்டிலிருந்து போய்வரும் வசதிக்காக கிளினிக் வேலையைத் தேர்ந்தெடுக்கும் பெண்ணுக்கு இந்தத் தூரமே பெரிய தடை.

ஒரு டாக்டர், ஓர் உறவுக்காரப் பெண்

இந்தத் தொழில் பிறந்த கதை சுவையானது. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் எட்மண்ட் கெல்ஸ் என்ற பல் மருத்துவர் 1885-ல் ஒரு பெண்ணை உதவியாளராக வைத்துக்கொண்டார். அந்தக் காலத்தில் பெண்கள் துணையில்லாமல் பல் மருத்துவரிடம் போவது மரியாதைக் குறைவு. உள்ளே ஒரு பெண் இருக்கிறார் என்று தெரிந்ததும் தயக்கம் குறைந்தது, கிளினிக்குக்குக் கூட்டமும் வந்தது. கனெக்டிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட்டில் ஆல்ஃபிரட் ஃபோன்ஸ் 1906-ல் தன் உறவினரும் உதவியாளருமான ஐரீன் நியூமனுக்குப் பல் சுத்தம் செய்யக் கற்றுக்கொடுத்தார். உலகின் முதல் டென்டல் ஹைஜீனிஸ்ட் அவர்தான். 1913-ல் ஃபோன்ஸ் அதற்கென்று பள்ளியே தொடங்கினார். பக்கத்தில் நின்று பார்த்துக் கற்ற வேலை, ஏழே ஆண்டில் பாடத்திட்டம் ஆனது.

நியூசிலாந்து இன்னும் ஒரு படி மேலே போனது. முதல் உலகப் போருக்கு ஆள் எடுத்தபோது இளைஞர்களின் பற்கள் இருந்த லட்சணத்தைக் கண்டு அரசு அதிர்ந்தது. 1921-ல் வெலிங்டனில் இளம் பெண்களுக்கு இரண்டு ஆண்டுப் பயிற்சி ஆரம்பமானது. தேறியவர்கள் பள்ளிக் குழந்தைகளின் சொத்தையை அடைக்கவும், பால் பற்களைப் பிடுங்கவும் அனுப்பப்பட்டார்கள். ‘டென்டல் நர்ஸ்’ என்ற பெயர் உலகெங்கும் பரவியது இப்படித்தான். ஆனால் நாட்டுக்கு நாடு அதன் பொருள் வேறு. நியூசிலாந்தில் அவர் தானே சிகிச்சை செய்பவர். பிரிட்டனில் டாக்டருக்கு உதவுபவர்.

நியூசிலாந்து மாதிரி தமிழர்கள் வாழும் ஊர்களுக்கும் வந்து சேர்ந்தது. மலாயாவில் பினாங்கு நகரில் 1949-ல் டென்டல் நர்ஸ் பயிற்சி தொடங்கியது. ஆசியாவில் இந்த வழியில் முதலில் நடந்த நாடு அதுதான். மூன்று ஆண்டுப் படிப்பு, பிறகு அரசுப் பணி, பள்ளிகளில் குழந்தைகளுக்குச் சிகிச்சை. இலங்கையில் 1950-களில் கொழும்புத் திட்டத்தின் கீழ் நியூசிலாந்து உதவியுடன் மகரகமவில் பயிற்சிப் பள்ளி வேரூன்றியது. இரண்டு நாடுகளிலும் அவர்களுக்கு இன்று ‘டென்டல் தெரபிஸ்ட்’ என்ற பெயர். மலேசியாவில் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 2018-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்குத் தனிப் பதிவேடும் தந்தது. பினாங்கில் ஒரு தமிழ்ப் பெண் மூன்று ஆண்டுகளில் அடையக்கூடிய தொழில் அந்தஸ்து, கடலுக்கு இந்தப் பக்கம் இருக்கும் அவருடைய தங்கைக்கு எட்டாமலே இருந்தது.

பிரிட்டனில் 2008 ஜூலை முதல் பொதுப் பல் மருத்துவ கவுன்சிலில் பதிவு செய்யாமல் ‘டென்டல் நர்ஸ்’ என்று யாரும் சொல்லிக்கொள்ள முடியாது. கிளினிக்கில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம். ஆனால் படிப்பில் சேர்ந்திருக்க வேண்டும், தேர்வில் தேற வேண்டும். இந்தியக் கிளினிக்குகளுக்கு அப்படியே பொருந்தும் முறை இது. கையில் வேலை தெரிந்த பெண்ணை வீட்டுக்கு அனுப்பாமல், அவருடைய அனுபவத்தின் மீது படிப்பை ஏற்றி வைக்கிறது.

பெயர் வந்தால் என்ன லாபம்?

முதல் லாபம் நோயாளிக்கு. ஆட்டோகிளேவ் எத்தனை நிமிடம் ஓட வேண்டும், ஊசியை எந்தப் பெட்டியில் போட வேண்டும் என்பதை ஒருவர் பார்த்து மட்டும் கற்றால், கற்றுக்கொடுத்தவரின் தவறையும் சேர்த்தே கற்கிறார். 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகளின்படி ஊசி, பிளேடு போன்ற கூர்மையானவை துளைபடாத வெள்ளைப் பெட்டிக்குப் போக வேண்டும். தெரியாதவர் கையில் அவை குப்பைத் தொட்டிக்குப் போகின்றன.

இரண்டாவது லாபம் அந்தப் பெண்ணுக்கே. தினமும் ரத்தத்துக்கும் எச்சிலுக்கும் நடுவே வேலை செய்பவர் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை ஆறு மாதத்தில் மூன்று தவணையாகப் போட்டிருக்க வேண்டும். முறையாகப் படித்தவருக்கு இது பாடம். படிக்காதவருக்கு யாராவது சொன்னால்தான் உண்டு. சம்பளப் பேச்சிலும் அதே கதைதான். ‘எல்லாம் தெரியும்’ என்ற வாய்ச்சொல்லுக்கு முதலாளி வைப்பதே விலை.

2023-ல் நாடாளுமன்றம் 1948 சட்டத்துக்கு மாற்றாகத் தேசிய பல் மருத்துவ ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. பல் மருத்துவர்களோடு துணைப் பணியாளர்களுக்கும் தேசியப் பதிவேடு என்பது அதன் முக்கிய அம்சம். சட்டம் கதவைத் திறக்கலாம். ஆனால் உள்ளே போகக் கையில் அங்கீகாரம் பெற்ற சான்றிதழ் வேண்டும்.

இங்கேதான் எச்சரிக்கை தேவை. ‘டென்டல் நர்சிங்’ என்று கவர்ச்சியான பெயரில் ஆறு மாதத்தில் சான்றிதழ் தரும் விளம்பரங்களுக்குக் குறைவில்லை. பணம் கட்டுவதற்கு முன் நான்கு கேள்விகள் கேட்டாக வேண்டும். தேர்வு நடத்துவது யார், அந்த நிறுவனமேவா, அரசா, பல்கலைக்கழகமா? சான்றிதழை எந்த கவுன்சில் ஏற்கிறது? படித்து முடித்தால் பதிவு செய்ய முடியுமா? நோயாளிகள் வரும் மருத்துவமனையில் பயிற்சி உண்டா, இல்லை பொம்மைப் பல்லோடு சரியா? இவற்றில் ஒன்றுக்கு மழுப்பலான பதில் வந்தாலும் அடுத்த பஸ்ஸில் வீடு திரும்புவது உத்தமம்.

ஏற்கெனவே கிளினிக்கில் இருப்பவர்களும் செய்யக்கூடியது உண்டு. சேர்ந்த தேதி, செய்த வேலைகள் இரண்டையும் குறிப்பிட்டு டாக்டரின் கையெழுத்தோடு அனுபவச் சான்று வாங்கி வைக்கலாம். அது படிப்புக்கு ஈடாகாது. ஆனால் நாளை எந்தப் படிப்பு, எந்த வேலை வாய்த்தாலும் இத்தனை ஆண்டு உழைப்புக்குச் சாட்சி சொல்ல அந்த ஒரு தாளாவது இருக்கும்.

நாற்காலியில் படுத்திருப்பவருக்கு இதெல்லாம் தெரியாது. அவர் கண்ணுக்குத் தெரிவது மேலே எரியும் விளக்கும், முகமூடி அணிந்த இரண்டு முகங்களும். வலப்பக்கத்து முகத்தின் படிப்பு சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. இடப்பக்கத்து முகத்துக்கும் ஒரு ஆணி அடிக்க அந்தச் சுவரில் இடம் இருக்கிறது.