கணினித் தளமும் அதன் ஆயுளும்

மேல்மாடி கட்டும் எண்ணமுடையான் முதலில் அத்திவாரத்தின் வலிமையை நோக்குவான். மேசைக் கணினியொன்றை அமைப்பாரும் அங்ஙனமே நோக்குதல் வேண்டும். கணினியின் மூளையெனப்படும் செயலி தனித்து இயங்குவதன்று. அது தாய்ப்பலகையிலுள்ள பொருத்துவாயில் அமர்ந்து, அப்பலகை ஏற்கும் நினைவகத்தோடு கூடியே தொழிற்படும். பொருத்துவாய், தாய்ப்பலகை, நினைவக வகை என்பவற்றின் தொகுதியே தளம் எனப்படும். செயலியின் வேகம் இன்றைய பயனைக் காட்டும்; தளத்தின் ஆயுளோ நாளைய பயனைத் தீர்மானிக்கும். சோதனை அட்டவணைகள் முன்னையதையே பெரிதும் பேசுகின்றன. பின்னையது எத்துணை முக்கியமானதென்பதை அண்மைக்காலச் சரித்திரம் புலப்படுத்தும்.

விளையாட்டில் செயலியின் தொழில் யாதென்பது முதலில் அறியற்பாலது. திரையிற் காணப்படும் அசைவு, விரைந்து மாறும் தனிப்படங்களின் தொடரேயாம். ஒவ்வொரு படத்துக்கும் பொருள்களின் இடம், அவற்றின் மோதல், எதிரிகளின் நடமாட்டம் முதலியவற்றைச் செயலி கணித்துக் கொடுக்க, வரைவியல் அட்டை அதனை வரைகின்றது. வினாடிக்கு 60 படங்கள் வேண்டுமாயின், ஒரு படத்துக்குக் கிடைக்கும் காலம் ஏறக்குறைய 16.7 மில்லிவினாடியே. இவ்விரண்டனுள் மந்தமானது எதுவோ அதுவே வேகத்தை நிர்ணயிக்கும். '4கே' திரையில் 1080 வரித் திரையினும் நான்கு மடங்கு புள்ளிகள் உள. அங்கே பெரும்பாலும் அட்டையே பின்தங்குதலால், செயலிகளிடையேயுள்ள வேற்றுமை மறைந்துவிடும். 1080 வரித் திரையில் அது வெளிப்படும். பெரிய திரை உடையார்க்கு இச்சோதனை வீணென்பாரும் உளர். அது பொருந்தாது. பின்னாளில் விரைவான அட்டையொன்று பொருத்தப்படும்போது செயலியின் எல்லை எதுவாகும் என்பதை இச்சோதனையே முன்னறிவிக்கின்றது.

செயலி பின்தங்குவதற்குக் கணிக்கும் ஆற்றலின் குறைவு மாத்திரம் காரணமன்று. பிரதான நினைவகத்திலிருந்து ஒரு தரவு வந்துசேரப் பல பத்து நானோவினாடிகள் செல்லும். வினாடிக்கு 400 கோடி முறைக்கு மேல் துடிக்கும் செயலிக்கு இது நூற்றுக்கணக்கான துடிப்புக்களின் இழப்பாகும். இவ்விழப்பைக் குறைப்பதற்கே செயலியினுள் பதுக்கு நினைவகம் வைக்கப்படுகின்றது. சமையல் செய்வார் அடிக்கடி வேண்டும் பொருள்களைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருத்தல் போல்வது இது. ஏ.எம்.டி. நிறுவனம் 2022 ஏப்பிரலில் வெளியிட்ட 'றைசன் 7 5800 எக்ஸ் 3டி' என்னும் செயலியில், பதுக்கு நினைவகத்தின் மேல் மற்றோர் அடுக்கு ஏற்றப்பட்டு, அதன் மூன்றாம் மட்டக் கொள்ளளவு 32 மெகாபைற்றிலிருந்து 96 ஆக உயர்த்தப்பட்டது. துடிப்பு வேகம் சற்றுக் குறைந்திருந்தும், விளையாட்டுக்கள் பலவற்றில் அது தன் முன்னோனை வென்றது.

இனித் தளத்தின் ஆயுளை நோக்குக. 2017 ஜனவரியில் இன்ரெல் நிறுவனத்தின் நான்கு கருச் செயலியாகிய 'ஐ7 7700கே' வெளிவந்தது. அவ்வாண்டு மார்ச்சில் ஏ.எம்.டி. நிறுவனம் 'ஏ.எம்.4' என்னும் பொருத்துவாயில் எட்டுக் கருக்களையுடைய முதலாவது றைசனை வெளியிட்டது. விளையாட்டுச் சோதனைகளில் இன்ரெல் செயலியே முந்திநின்றது. ஆயின் அவ்வாண்டு ஒக்ரோபரில் வந்த இன்ரெலின் எட்டாந் தலைமுறைச் செயலிகள், 1151 என்னும் அதே தொடுகை எண்ணிக்கையை உடையனவாயினும், புதிய தாய்ப்பலகையை வேண்டின. ஏ.எம்.4 பலகையை வாங்கியோர் பலர்க்கோ, ஐந்தாண்டு கழித்து அதே பலகையில் மேற்கூறிய 5800 எக்ஸ் 3டி செயலியைப் பொருத்தும் வாய்ப்புக் கிட்டியது. அட்டவணையில் அன்று தோற்றது, ஆயுளில் வென்றது.

இவ்வாய்ப்பும் எளிதில் வந்ததன்று. 2020 மேயில், வரவிருந்த செயலிகள் 500 வரிசைப் பலகைகளில் மாத்திரமே இயங்குமென ஏ.எம்.டி. அறிவித்தது. பழைய பலகைகளின் பயொஸ் நினைவகம் பல 16 மெகாபைற் அளவினவாதலால், எல்லாச் செயலிகளுக்குமுரிய குறிப்புக்களை அவை கொள்ளா என்பது கூறப்பட்ட காரணம். பாவனையாளர் வன்மையாகக் கண்டித்தனர். அதே மாதத்தில் 400 வரிசைப் பலகைகளுக்கு இடமளிக்க நிறுவனம் இணங்கியது. 2022இல் 300 வரிசைக்கும் வழி பிறந்தது. பொருத்துவாய் ஒன்றாயிருத்தல் மாத்திரம் போதாது. பயொஸ் ஆதரவும் வேண்டுமென்பது இதனாற் பெறப்படும்.

2022 செப்ரெம்பரில் வந்த 'ஏ.எம்.5' தளம் 1718 தொடுகைகளை உடையது; டி.டி.ஆர். 5 நினைவகத்தையே ஏற்பது. ஆதலின் பழைய தளத்திலிருந்து மாறுவார் பலகையையும் நினைவகத்தையும் ஒருங்கே வாங்கவேண்டியவராயினர். எனினும் 2023இல் வந்த 7800 எக்ஸ் 3டி, 2024இல் வந்த 9800 எக்ஸ் 3டி ஆகிய இரண்டும் இப்பொருத்துவாயிலேயே அமைந்தன. 2025 வரையுமென முதலிற் கூறப்பட்ட ஆதரவு, பின்னர் 2027உம் அதற்கு மேலும் என நீட்டிக்கப்பட்டது. புதுமை எப்போதும் வேகத்தைத் தருமென்பதும் இல்லை: இன்ரெல் 2024 ஒக்ரோபரில் 1851 தொடுகைகளுடன் வெளியிட்ட புதுத் தளத்தின் செயலிகள், வெளியீட்டுக்காலச் சோதனைகளில், விளையாட்டுக்கள் பலவற்றில் தம் முந்திய தலைமுறையைக் கடக்கவில்லை.

ஆகவே தளம் தெரிவார் மூன்றை ஆராய்தல் நன்று: தம் திரைக்கும் அட்டைக்கும் எத்துணை வேகம் வேண்டும், பலகையின் மின்வழங்கற் பகுதி வலிய செயலியைத் தாங்குமா, பயொஸ் ஆதரவு எவ்வளவு காலம் தொடரும் என்பன. முதலாவதைச் சோதனை அட்டவணை கூறும். இரண்டாவது பலகையை நோக்கின் விளங்கும். மூன்றாவதோ உறுதிமொழியில் தங்கியுள்ளது; உறுதிமொழியை அளந்தறிதற்கு அந்நிறுவனத்தின் கடந்தகால ஒழுக்கமே அளவுகோல். சிறு முதலில் கணினி அமைக்கும் மாணவர்க்கு இது பெரிதும் பயன்படும். இன்று நடுத்தரச் செயலியொன்றை நல்ல தளத்தில் அமர்த்துவோர், நாளை செயலியை மாத்திரம் மாற்றி உயர்வர்.