நம்பிக்கையே முதல்

கடைவீதிக்குச் செல்வோர் பொருளைக் கையில் எடுத்துப் பார்ப்பர், விலை கேட்பர், பணம் கொடுத்துப் பொருளைப் பெற்றுக்கொள்வர். குறையிருப்பின் மறுநாள் அக்கடைக்கே சென்று கேட்கவும் முடியும். இணையக் கடையில் பொருள் வாங்குபவரோ பொருளைத் தொட்டுப் பார்ப்பதில்லை. விற்பவரை நேரில் கண்டதும் இல்லை. ஆயினும், பொருள் வந்து சேரும் முன்னரே பணம் செலுத்திவிடுகிறார். அவரை அவ்வாறு செய்யத் தூண்டுவது நம்பிக்கையே ஆகும். அந்நம்பிக்கைக்கு உரியதாக ஓர் இணையக் கடையை எவ்வாறு அமைப்பது என்பதை இப்பாடத்தில் காண்போம்.

தில்லியில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். அக்குடும்பத்தின் தாய் இட்லிப்பொடியும் பருப்புப்பொடியும் முறுக்கும் வீட்டிலேயே செய்து அண்டை வீட்டாருக்கு விற்று வருகிறார். புணேயிலும் போபாலிலும் வாழும் உறவினர்களும் அவற்றை விரும்பிக் கேட்கின்றனர். "இணையத்தில் ஒரு கடை தொடங்கலாமே, அம்மா" என்கிறாள் மகள். தீபாவளிக்கு இன்னும் இரண்டு மாதங்கள் உள்ளன. அதற்குள் அவர்கள் செய்ய வேண்டியவை யாவை?

கடையின் அடையாளம்

உணவுப்பொருள் விற்போர், வீட்டிலிருந்து சிறிய அளவில் விற்றாலும், இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். அங்குத் தரப்படும் 14 இலக்க எண்ணைப் பொட்டலத்தின்மீது அச்சிட வேண்டும்.

மின்வணிகத்திற்கான நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் 2020ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தன. அவற்றின்படி, கடையின் பெயர், முகவரி, தொடர்பு எண், பொருளைத் திருப்பித் தரும் முறை ஆகியவை தளத்தில் தெளிவாக இடம்பெற வேண்டும். முறையீடு வந்தால் 48 மணி நேரத்திற்குள் அது கிடைத்ததைத் தெரிவித்து, ஒரு மாதத்திற்குள் தீர்வு காண வேண்டும். எடை, விலை, அனுப்பும் செலவு ஆகியவற்றைப் பணம் செலுத்தும் முன்னரே வாங்குபவர் அறிந்திருத்தல் வேண்டும்.

பாதுகாப்பான வழி

இணையத்தில் நாம் அனுப்பும் செய்தி பல கணினிகளைக் கடந்து செல்கிறது. திறந்த அஞ்சலட்டையை வழியில் கைக்கொள்வோர் எவரும் படிக்கலாம் அல்லவா? மூடி முத்திரையிட்ட கடிதத்தைப் போலச் செய்தியை மறைத்து அனுப்பும் முறைக்கு மறைகுறியாக்கம் என்று பெயர். இம்முறையைப் பின்பற்றும் தளத்தின் முகவரி 'எச்.டி.டி.பி.எஸ்.' என்று தொடங்கும்.

இங்கு ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். இவ்வடையாளம், செய்தி செல்லும் வழி பாதுகாப்பானது என்பதை மட்டுமே காட்டும். கடைக்காரர் நேர்மையானவர் என்பதற்கு அது சான்றன்று. ஏமாற்றுவோரும் இவ்வடையாளத்தைப் பெற முடியும்.

பணம் செல்லும் பாதை

பணம் பெறும் பொறுப்பை முழுவதும் தாமே ஏற்காமல், இந்திய ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்ற பணப்பரிமாற்ற நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைப்பதே சிறு கடைகளுக்கு ஏற்றது. வாங்குபவர் 'பணம் செலுத்துக' என்னும் பொத்தானை அழுத்தியதும், அந்நிறுவனத்தின் பாதுகாப்பான பக்கம் திறக்கும். அவர் வங்கி அட்டை வழியாகவோ, 2016இல் அறிமுகமான யு.பி.ஐ. வழியாகவோ பணம் செலுத்துவார். அவருடைய வங்கி அதனைச் சரிபார்த்து ஒப்புதல் அளிக்கும். பின்னர் அப்பணம் கடைக்காரரின் வங்கிக் கணக்கில் சேர்க்கப்படும்.

இம்முறையில் வாங்குபவரின் அட்டை எண் கடைக்காரரிடம் தங்குவதே இல்லை. வணிகர்கள் அட்டை எண்களைச் சேமித்து வைத்தலாகாது என்னும் ரிசர்வ் வங்கியின் விதி 2022 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. இதன் காரணம் எளியது. பூட்டு எத்துணை வலியதாயினும் உடைக்கப்படலாம். நம்மிடம் இல்லாத ஒன்றை எவராலும் நம்மிடமிருந்து திருட முடியாது. எனவே, பொருளை அனுப்பத் தேவையான பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றை மட்டும் கேட்டுப் பெறுதல் போதும். முறுக்கு வாங்குபவரின் பிறந்தநாள் நமக்கு எதற்கு?

திறப்பதற்கு முன் ஒத்திகை

நாடகத்தை அரங்கேற்றுமுன் ஒத்திகை பார்ப்பது போல, கடையையும் சோதித்துப் பார்க்க வேண்டும். உண்மையான பணம் இல்லாமலே பரிமாற்றத்தைச் சோதிக்கும் வசதியைப் பணப்பரிமாற்ற நிறுவனங்கள் தருகின்றன. எல்லாம் சரியாக நடக்கிறதா என்று பார்ப்பதோடு நின்றுவிடாமல், தவறு நேர்ந்தால் என்ன ஆகும் என்றும் பார்ப்பதே நல்ல ஒத்திகை.

மகள் கடவுச்சொல்லைத் தவறாக இடுகிறாள். பணம் செல்லவில்லை என்ற செய்தி தெளிவாக வருகிறது. தந்தை பொத்தானை இருமுறை அழுத்துகிறார்; ஒரு பொட்டலத்திற்கு இரண்டு ஆணைகள் பதிவாகின்றன! இக்குறை திறப்பு நாளில் வெளிப்பட்டிருந்தால், முன்பின் அறியாத ஒருவர் இருமுறை பணம் இழந்திருப்பார். அதனைத் திருத்திய பிறகு, சிறு தொகை ஒன்றை உண்மையாகவே செலுத்தி, அதனைத் திருப்பி அனுப்பியும் பார்க்கின்றனர்.

விழிப்புணர்வு

"பணம் அனுப்பிவிட்டேன்" என்று ஒருவர் கைப்பேசித் திரையின் படத்தை அனுப்பலாம். அப்படம் போலியாகவும் இருக்கக்கூடும். தம் கணக்கிலோ, பணப்பரிமாற்ற நிறுவனத்தின் பதிவிலோ பணம் வந்ததை உறுதி செய்துகொண்ட பின்னரே பொருளை அனுப்ப வேண்டும். பணத்தைப் பெறுவதற்கு யு.பி.ஐ. இரகசிய எண் தேவையில்லை. பணம் தருவதாகக் கூறி அவ்வெண்ணை இடச் சொல்பவர் ஏமாற்றுபவரே ஆவார். கடையை நிருவகிக்கும் கணக்கிற்கு வலிமையான கடவுச்சொல்லும் இருநிலைச் சரிபார்ப்பும் இருத்தல் வேண்டும். இணையவழியில் பணத்தை இழந்தவர் சிறிதும் காலம் தாழ்த்தாமல் 1930 என்னும் எண்ணில் முறையிட வேண்டும்.

பிறர் பொருளையும் தம் பொருள்போலப் பேணுவதே நல்ல வாணிகம் என்பது திருவள்ளுவர் காட்டிய நெறி. இக்காலத்தில் வாங்குபவரின் பணம் மட்டுமன்றி, அவர் நம்மிடம் ஒப்படைக்கும் தகவலும் பிறர் பொருளே ஆகும். 'முதல்' என்னும் சொல் தொடக்கத்தையும் குறிக்கும். வணிகத்தில் இடும் பணத்தையும் குறிக்கும். இணையக் கடைக்கு இவ்விரு பொருளிலும் நம்பிக்கையே முதல்.

சிந்தித்து விடையளிக்க

1. வணிகர்கள் அட்டை எண்களைச் சேமித்து வைக்கலாகாது என்பது ஏன்?
2. தவறுகளையும் ஒத்திகை பார்ப்பதால் விளையும் பயன் யாது?
3. உம் வீட்டார் ஓர் இணையக் கடை தொடங்கினால், வாங்குபவர்களுக்கு நீவிர் அளிக்கும் உறுதிமொழிகள் மூன்றினை எழுதுக.