தலையைக் காக்கச் சட்டம் தேடும் முரட்டு ஆட்டம்

பெயர்தான் கால்பந்து, காலுக்கு அதில் வேலை கொஞ்சம்தான். இரு முனையும் கூம்பிய பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஒருவர் ஓடுவார். எதிர்க்கட்சியார் பாய்ந்து வீழ்த்துவார்கள். இதுவே அமெரிக்கர்களின் உயிருக்கு உயிரான 'ஃபுட்பால்'.

அந்தப் பந்தைப் பெரும்பாலும் தொடாமலே ஆட்டம் முழுவதும் அடிபடுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு 'லைன்மேன்' என்று பெயர். மின்சாரக் கம்பத்தில் ஏறுகிறவர் என்று எண்ணிவிட வேண்டாம்! இரு கட்சிகளும் எதிரெதிரே அணிவகுக்கும்போது முன்வரிசையில் நிற்கும் மலை போன்ற ஆசாமிகள் இவர்கள். 130 கிலோவுக்கு மேல் எடையுள்ளவர்கள் இவர்களில் சர்வ சாதாரணம். ஒரு கையைத் தரையில் ஊன்றி, தலையைத் தாழ்த்தி, முட்டப்போகும் கிடாயைப் போல் காத்திருப்பார்கள். பந்து அசைந்ததும் மோதல். சில விநாடிகளில் எழுந்து மறுபடியும் அதே நிலை, அதே மோதல்.

இந்த அடிகளில் யாரும் மயங்கி விழுவதில்லை. ஆபத்தே அதில்தான் இருக்கிறது. வலி தெரியாத சிறு அதிர்ச்சிகள் வருஷக் கணக்கில் சேர்ந்துகொண்டே போகின்றன.

வெப்ஸ்டரின் மூளை

பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் குழுவில் நடுநாயகமாக நின்றவர் மைக் வெப்ஸ்டர். 17 பருவங்கள் ஆடி, நான்கு முறை 'சூப்பர் பௌல்' வெற்றியில் பங்குகொண்டவர். ஓய்வுபெற்ற பிறகு ஞாபகம் தடுமாறியது, குடும்பம் கலைந்தது, வண்டியிலேயே படுத்துறங்கும் நிலை வந்தது. 2002-ல், 50-வது வயதில் காலமானார். பிரேத பரிசோதனை செய்தவர் நைஜீரியாவில் பிறந்த டாக்டர் பென்னட் ஒமாலு. வெளிப்பார்வைக்கு மூளையில் கோளாறு ஒன்றும் தெரியவில்லை. அவர் விடவில்லை, மெல்லிய துண்டுகளாக்கிச் சாயமேற்றிப் பார்த்தார். 'டவ்' என்ற புரதம் திட்டுத் திட்டாகப் படிந்திருந்தது. 2005-ல் வெளியான அவரது கட்டுரையைத் திரும்பப் பெறவேண்டுமென்று, தொழில்முறை ஆட்டங்களை நடத்தும் 'நேஷனல் ஃபுட்பால் லீக்' நியமித்த குழுவின் வைத்தியர்களே கேட்டார்கள்! ஆட்டத்துக்கும் இந்த நோய்க்கும் தொடர்புண்டு என்று லீகின் அதிகாரி ஒருவர் பகிரங்கமாக ஒப்புக்கொண்டது 2016-ல்தான்.

2017-ல் பாஸ்டன் சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள், லீகில் ஆடிய 111 பேரின் மூளைகளில் 110-ல் இந்நோயைக் கண்டதாக அறிவித்தார்கள். சந்தேகப்பட்ட குடும்பங்களே பெரும்பாலும் மூளையைத் தானம் செய்கின்றன. ஆகவே எல்லா ஆட்டக்காரருக்கும் இதே கதி என்று கணக்குப் போடுவது தவறு. ஆனாலும் அலட்சியம் செய்யக்கூடிய எண்ணிக்கையா இது?

ரூஸ்வெல்ட் காலத்திலேயே

உயிர்ச் சேதத்துக்குப் பயந்து விதியை மாற்றுவது புதிதல்ல. 1905-ல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். மறு வருஷமே பந்தை முன்னோக்கி எறிய அனுமதி கிடைத்தது. இரு வரிசைகளுக்கும் இடையே பந்தின் நீளத்துக்கு இடைவெளியும் விடப்பட்டது.

பின்னர் கெட்டியான பிளாஸ்டிக் தலைக்கவசம் வந்தது. பாதுகாப்புக்கு வந்த கவசமே ஆயுதமாயிற்று! கவசம் இருக்கிற தைரியத்தில் தலையாலேயே குத்தினார்கள், கழுத்து முறிந்தது. 1976-ல் பள்ளி, கல்லூரி ஆட்டங்களில் அதைத் தடுத்தார்கள். 2018-ல் லீகும், தலையைத் தாழ்த்திக் கவசத்தால் மோதினால் 15 கஜம் தண்டனை என்றது. விதி லைன்மேன்களுக்கும் உண்டு. ஆனால் அந்த நெரிசலில் எவர் தலை எவர்மேல் பட்டது என்று நடுவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

ஆகவே, தரையில் கை ஊன்றும் நிலையையே ஒழித்துவிடலாம் என்கிறார்கள் சிலர். நிமிர்ந்து நின்றால் தலைக்கு முன்னால் கை போகுமல்லவா? சிறுவர் ஆட்டங்களை நடத்தும் 'பாப் வார்னர்' அமைப்பு 2019-ல் மிக இளைய பிரிவுகளுக்கு இதைச் செய்தே விட்டது. பெரியவர்களின் ஆட்டத்தில் எதிர்ப்பு பலம். பந்தோடு ஓடுகிறவனுக்கு வழி திறப்பதே தாழ்ந்து பாயும் வேகம்தான். அது போனால் ஆட்டமே போயிற்று என்பது பழம் ரசிகர்களின் வாதம்.

இதற்கிடையே, பருவத்துக்கு முந்திய பயிற்சியில் லைன்மேன்கள் கவசத்தின்மேல் மெத்தென்ற உறை ஒன்றை மாட்டியாக வேண்டும் என்று 2022-ல் விதி வந்தது. 2024-ல் போட்டிகளிலும் அதை அணிய அனுமதி வந்தது, ஆனால் கட்டாயமில்லை. தலை காளான் மாதிரி தெரிகிறதாம்! அணிந்து வந்தவர்கள் ஒரு சிலரே.